கொடுக்கப்படாதது

மும்பை மாநகருக்கு உறவினரை நாடிச் செல்வோர் பலர். அங்கே கானகத்தை நாடிச் செல்வோர் சிலரே. கோலார் தங்கவயலிலிருந்து சென்ற யான், டிராம்பேயை அடுத்த சீத்தா கேம்ப்பில் தாய்மாமன் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அவ்வாரத்தில் ஒரு நாள் முழுவதையும் போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் நடந்தே கழித்தேன். மாமாவும் உடன் வந்தார். மான்கூர்த் நிலையத்தில் வண்டியேறி, குர்லாவிலும் தாதரிலும் மாறிப் போரிவலி சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை.

பூங்கா என்றவுடன் மலர்ப்பாத்தியை நினைத்தல் வேண்டா. ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு அது. தேக்கும் மூங்கிலும் செழித்துள்ளன, சிறுத்தைகள் உலவுகின்றன. 1860இல் முடிவுற்ற விஹார் ஏரியும், 1879இல் முடிவுற்ற துளசி ஏரியும் இக்காட்டின் மழைநீரைத் தேக்கி மாநகருக்கு அளிக்கின்றன. வாயிலிலிருந்து கன்ஹேரிக் குகைகளுக்குப் பேருந்து உண்டு, நாங்கள் ஏறவில்லை.

அன்பர்களே, கன்ஹேரியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க இடந்தர வேண்டுகிறேன். கரும்பாறையைக் குடைந்து நூற்றுக்கு மேற்பட்ட குகைகள்; கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிக்குகள் வாழ்ந்த இடம். பெரிய சைத்தியத்தின் முன்னுள்ள புத்தர் உருவங்களின் அடியில் நின்றால் நம் தலை அவர் முழங்காலுக்கும் எட்டாது. ஆயினும் என் மனத்தைப் பிணித்தவை நீர்த்தொட்டிகளே. குகைதோறும் வாயிலருகே ஒரு தொட்டி; பாறைமேல் வழியும் மழைநீர் அதில் வந்து சேர வாய்க்கால். சுரங்கத்தில் பாறை உடைத்தவரின் மகன் யான். உளித்தடம் கண்டால் விரலால் தடவாமல் நகர முடியாது. கல்யாணிலிருந்தும் சோபாராவிலிருந்தும் வந்த வணிகர், பிக்குணிகள் ஆகியோர் இக்குகையைக் கொடுத்தோம், இத்தொட்டியைக் கொடுத்தோம் என்று பொறித்துள்ளனர்.

இதைச் சொன்னபோது மாமா கேட்டார்: "கொடுத்தவர் பெயரெல்லாம் இருக்கிறது, மாப்பிள்ளை. இந்தக் காட்டுக்குத் தம் வீட்டைக் கொடுத்தவர் பெயர் எங்கே?"

அவர் கேட்டதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. 1995இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 1997 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் பூங்காவின் எல்லைக்குள் இருந்த குடிசைகளை அகற்ற ஆணையிட்டது. 1995 சனவரி முதல் நாளுக்குரிய வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தோருக்கு வேறிடம், பிறருக்கு ஒன்றுமில்லை. ஆயிரமாயிரம் குடிசைகள் இடிந்தன. மாமாவுக்கு இது பிறர் கதையன்று. 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டு, ஏறக்குறைய 70,000 பேர் சீத்தா கேம்ப்பின் சதுப்புக்கு மாற்றப்பட்டபோது அவருக்கு வயது ஒன்பது. அதனை எதிர்த்து நின்ற ஜோக்கின் அற்புதம் எங்கள் தங்கவயல்காரர்; 2000இல் மகசேசே விருது பெற்றவர். (சீத்தா என்பது இந்நாட்டில் அற்றுப்போய், 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்கு. அதற்கு இடம் தேடியவர்கள் எத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தனர்!)

யான் மறுத்துரைத்தேன். "காடு அழிந்தால் சிறுத்தை எங்கே போகும்? நகரம் எந்த நீரைக் குடிக்கும்? கருணை மனிதரோடு முடிவதா?"

"சிறுத்தையோடு எனக்குப் பகையில்லை. யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்கிறேன்."

நம் பஞ்சசீலத்தின் இரண்டாவது, களவு செய்யாமை என்று மட்டும் பொருள்படுவதன்று. கொடுக்கப்படாததை எடுக்காமை என்பதே அதன் சொற்பொருள். களவுக்குச் சட்டம் எல்லை வகுக்கும்; கொடுக்கப்பட்டதா என்பதைக் கொடுப்பவன் மனமே அறியும். நீதிமன்ற ஆணையால் எடுத்தது களவாகாது. ஆயினும் அது கொடுக்கப்பட்டதும் ஆகாது. காடு வாழவேண்டும் என்று விரும்பியோர் தம்முடையதைத் தந்திருந்தால் அது தானம். காட்டை நோக்கிய சாளரம் என்று விலையேற்றி விற்கப்படும் மாடிவீடுகள் பூங்காவின் ஓரத்தில் நிற்க, குடிசைக்காரன் கூரையைத் தந்து காடு காக்கப்பட்டது. பிறன் பொருளைத் தந்து பெறும் புண்ணியம் எத்தகையது?

அப்படியானால் குடிசைக்காரன் காட்டிடமிருந்து எடுத்தது கொடுக்கப்பட்டதா? இல்லை. மாமாவே இதை ஒப்பினார். படுக்க ஆறடி எடுத்தவனும் பார்த்து மகிழக் காடு கேட்டவனும் ஒரே தட்டில் நிற்கமாட்டார்கள் என்பது என் துணிபு. ஆனால் முன்னவனுக்குக் குற்றமே இல்லையென்று சொல்ல என் நா எழவில்லை. முதலில் வீடு கொடுத்துப் பின்னர் இடம் கேட்டிருந்தால், மரமும் மனிதனும் எதிரெதிர் நின்றிருக்கமாட்டார்கள். நல்ல முடிவு ஒன்று தீய வழியில் வந்துவிட்டால், அம்முடிவின் நிழலில் இளைப்பாறலாமா? யான் இளைப்பாறினேன். மூங்கில் நிழலில் சோற்றுப்பொட்டலம் பிரித்து உண்டோம். நன்றாயிருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

இருட்டியபின் சீத்தா கேம்ப் திரும்பினோம். குழாயில் நீர் வரும் நேரம். சந்தில் குடங்கள் வரிசையாயிருந்தன. மாமி குடத்தை இடுப்பிலேற்றியவாறு, "புலி பார்த்தீர்களா?" என்றார்.

"தொட்டி பார்த்தோம்" என்று சொல்லி மாமா அடுத்த குடத்தைத் தூக்கினார்.