லைசென்சில் ஒரு பெயர்

கேமரன் மலையில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் மௌத்தாகி விட்டால் அந்தக் கடை யாருக்குச் சொந்தம்? "கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மகனுக்குத்தான், வேறு யாருக்கு?" என்று நம்மில் பலர் யோசியாமலே பதில் சொல்லி விடுகிறோம். சர்க்கார் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒரு விஷயம். கடையை யார் நடத்துகிறார் என்பது மற்றொன்று. அதில் யார் யாருக்கு ஹக்கு உண்டு என்பது இவ்விரண்டிலும் சேராத வேறொன்று. மூன்றையும் ஒன்றாக்கிப் பேசியே பல குடும்பங்களில் உடன்பிறந்தவர்கள் முகம் பாராமல் இருக்கிறார்கள்.

மலையின் நிலைமை இந்தக் குழப்பத்தை அதிகமாக்குகிறது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலையை ஒட்டி வளர்ந்த ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் போன்ற ஊர்களிலும் தோட்டங்களுக்குள்ளும் கடை வைத்தவர்களுக்கு, கடை இருந்த மண் சொந்தமென்று சொல்ல முடியாத நிலை உண்டு. தோட்டத்துக்குள் இருக்கும் கடையென்றால் நிலம் கம்பெனியுடையது. வெளியிலோ, காய்கறி நிலமாயினும் சாலையோரத்துக் கடையாயினும், ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக லைசென்சின் பேரில் நடந்து வந்தவை ஏராளம். டி.ஓ.எல். என்று மலையில் எல்லோரும் சொல்வது அதைத்தான். 1965-ம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் 68-ம் பிரிவில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. இந்த லைசென்சை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. லைசென்சுதாரர் இறந்தால் அதுவும் முடிந்துபோகும். வாப்பா கண்ணை மூடிய அன்றே லைசென்சும் மௌத்தாகி விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மகன் மனுப் போட்டுத் தம் பெயரில் புது லைசென்சு வாங்குகிறார். அது அவருடையது, வாரிசு வழியில் வந்ததல்ல. இதுவரைக்கும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மண்ணின்மேல் நிற்கும் கொட்டகையின் தகரமும் பலகையும், அலமாரியும் தராசும், குளிர்ப்பெட்டியும் சரக்கும், பேரேட்டில் தோட்டத்து மக்கள் பேரில் நிற்கும் பற்றும் லைசென்சோடு சாகவில்லையே! அவை மர்ஹூம் அவர்கள் விட்டுச் சென்ற ஆஸ்தி. புது லைசென்சைக் காட்டி இவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்வது, கூரை ஒழுகிற வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கியவர் வீட்டையே தமதென்று சொல்வது போலாகும்.

கோர்ட்டு அனுமதித்தால் குற்றமில்லை என்று வாதாடுவோரும் உண்டு. இது பழைய வாதம். பினாங்கில் 1871-ல் தீர்ப்பான பாத்திமா எதிர் லோகன் வழக்கில், அங்கே செல்லுவது ஆங்கிலச் சட்டமே என்றும், ஆகவே முஸ்லிம் ஒருவர் தம் சொத்து முழுவதையும் உயில் மூலம் இஷ்டம்போல் எழுதலாம் என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. மார்க்கமோ வசிய்யத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற எல்லையை வகுத்திருக்கிறது. வெள்ளைக்காரர் கோர்ட்டு கதவைத் திறந்துவிட்டதால் அந்த எல்லை நகர்ந்துவிட்டதா? நகரவில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஊழியர் சேமநிதியில் நாமினியாக ஒருவர் பெயரை எழுதுகிறோமே, அதிலும் இதே பாடந்தான். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்கு முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளி மட்டுமே என்று 1973-ல் மலேசியாவின் தேசிய பத்வா குழு கூறியது. காகிதத்தில் பெயர் இருப்பது அமானத்தின் அடையாளம். அதையே உடைமையின் அடையாளமாகக் கொள்வதற்கில்லை.

சரி, பங்கிடுவது எப்படி? அடக்கச் செலவு, கடன், வசிய்யத், அதன்பின் வாரிசுகள் என்ற வரிசை யாவரும் அறிந்தது. மனைவிக்குக் கொடுக்காமல் நின்றுபோன மஹரும் கடன்தான் என்பதைச் சிலர் வசதியாக மறந்து விடுகிறார்கள். சர்க்கார் வழியும் கடினமானதல்ல. நிலமோ வீடோ அடங்கிய, உயில் எழுதாத ஆஸ்தி 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால் (2024 ஜூலை 15-க்கு முன் இந்த வரம்பு 20 லட்சம்), 1955-ம் ஆண்டின் சிறு ஆஸ்திப் பங்கீட்டுச் சட்டப்படி மனுக் கொடுத்து, நில அதிகாரியின் விசாரணையிலேயே முடித்துக்கொள்ளலாம். வக்கீல் கட்டாயமில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்பதற்கு ஷரீஅத் நீதிமன்றம் பராயிள் சான்றிதழ் தருகிறது. அதற்கு மேற்பட்ட ஆஸ்திக்குத்தான் ஹைகோர்ட்டு.

சிரமமெல்லாம் தூரத்தில் இருக்கிறது. தாப்பா சாலையில் இறங்கினால் போய்ச் சேருவது பேராக். நிலம் இருப்பதோ பகாங்கில். வாரிசுகளில் பாதிப்பேர் இராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களில். அங்கிருந்து நிக்காஹ் பதிவேட்டின் நகல் வரவேண்டும், பிறப்புச் சான்று வரவேண்டும், நோட்டரி முன்னிலையிலோ சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலோ கையெழுத்திட்ட பவர் பத்திரம் வரவேண்டும். "பெருநாள் கழியட்டும், மழை ஓயட்டும்" என்று ஆண்டுகள் ஓடுகின்றன.

இந்தத் தாமதத்தின் கணக்கை வியாபாரிகளாகிய நாம் போட்டுப் பார்க்க வேண்டாமா? ஒருவருக்கு மனைவி, தாயார், இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் முன்னமே காலமாகி விட்டார். ஆஸ்தியை 120 பங்காக்கினால் மனைவிக்கு 15, தாயாருக்கு 20, ஆண்மக்களுக்குத் தலைக்கு 34, பெண்ணுக்கு 17. ஐந்து கையெழுத்தில் காரியம் முடியும். பிரிக்காமல் இருக்கும்போதே ஊரில் தாயார் மௌத்தானால், அந்த 20 பங்கு அவருடைய மற்ற ஆண் பெண் மக்களுக்குப் போகும். அவர்கள் நால்வரென்றால் கையெழுத்து எட்டாகி விடும். அவர்களில் ஒருவர் இறந்தால் எத்தனையாகும் என்று சொல்லத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று தேடுவதே பெரும்பாடு.

இதற்கிடையில் கடை நடந்துகொண்டே இருக்கிறது. ஐவரின் முதல் ஒருவர் கையில் புரள்கிறது. பிறத்தியார் முதலை வாங்கி வியாபாரம் செய்தால் ஐந்தொகை எழுதிக் காட்டுகிற நாம், உம்மாவின் முதலுக்கும் தங்கச்சியின் முதலுக்கும் ஏன் எழுதுவதில்லை? பிரிக்காமல் வைத்திருப்பதும் எடுத்துக்கொள்வதில் ஒரு வகையே என்பது எமது அபிப்பிராயம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பதினைந்து வயதில் படிப்பை விட்டு, விடியற்காலைக் குளிரில் கடை திறந்து, இருபது ஆண்டு சம்பளமில்லாமல் உழைத்த மகனும், ஊரில் இருந்துகொண்டு மாதா மாதம் பணம் பெற்ற மகனும் சமமாகத் தலைக்கு 34 பங்கு வாங்குவது சரியா என்று கேட்கிறார்கள். வேதனையான கேள்விதான். ஆனால் அதற்குப் பரிகாரம் தங்கச்சியின் 17 பங்கில் இல்லை. வாப்பா உயிரோடிருக்கும் காலத்தில் இருக்கிறது. மகனுக்குச் சம்பளம் பேசி எழுதியிருக்கலாம். கடையில் இத்தனை பங்கு என்று கூட்டாளியாக்கியிருக்கலாம். ஹிபாவாகக் கொடுத்துக் கையில் ஒப்படைத்திருக்கலாம். பேசி எழுதிய சம்பளம் நிலுவையில் நின்றால் அது ஆஸ்தியின் கடனாகி, பங்குக்கு முன்னால் வந்துவிடும். உயிரோடிருக்கையில் இதைப் பேசினால் வாப்பாவின் சாவை எதிர்பார்ப்பதாக நினைப்பார்களே என்ற கூச்சம் நம்மிடம் இருக்கிறது. கடைச் சரக்குக்கு நெருப்பு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போகிறதோ!

கடைசியாகப் பெண்மக்கள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். வாரிசுகள் மனமொப்பிப் பங்கைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதையும் விட்டுக்கொடுப்பதையும் மார்க்கமும் ஏற்கிறது, நில அதிகாரியும் பதிவு செய்கிறார். "காக்காவே வச்சுக்கட்டும்" என்று தங்கை சொல்வதில் பாசம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியுமா? சரக்கு எவ்வளவு, பற்று எவ்வளவு, பாங்கில் எவ்வளவு, தமக்குரிய 17 பங்கு எத்தனை வெள்ளி என்று வாசித்துக் காட்டிய பிறகு அவர் கையெழுத்திட்டால் அது விட்டுக்கொடுத்தல். ஊருக்குத் தபாலில் காகிதத்தை அனுப்பி, பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்து வாங்கி வருவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கணக்கை முதலில் அனுப்பி, ஒரு மாதம் கழித்துப் பத்திரத்தை அனுப்பலாமே. தபால் செலவு ஒன்று கூடும், அவ்வளவுதான்.