பத்தியமும் பழியும்

நோயுற்ற ஒருவர் தம் உணவை மாற்றிக்கொள்ளும்போது அதனுள் அறம் பற்றிய வினாவொன்றும் எழுகின்றது. பயன் இன்னும் உறுதியாக நிறுவப்படாத பத்தியமொன்றிலே நம்பிக்கை வைத்து வாழ்பவரிடம் பிறர் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதே அவ்வினாவாகும். மல்ரிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நரம்பு நோய் இதனை ஆராய்வதற்குத் தக்க களமாக அமைகின்றது.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவோம். பாரிஸ் நகரின் சல்பெத்றியே மருத்துவமனையிற் பணியாற்றிய சார்க்கோ என்பார் 1868 இல் இதனைத் தனியொரு நோயாக விளக்கினார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்திருக்கும் மயலின் உறையைத் தாக்கிச் சிதைக்கின்றது. பார்வை மங்குதல், கால் தளர்தல், உணர்வு மரத்தல், ஓய்வாலும் நீங்காக் களைப்பு என்பன அதன் விளைவுகள். பெரும்பாலானோரிடத்து இந்நோய் தொடக்கத்தில் வந்து வந்து தணியும் தன்மையது. தாக்கம் ஒன்று நிகழும். சில கிழமைகளிலோ மாதங்களிலோ குறையும். மீண்டும் எப்பொழுது வருமென எவராலும் கூறவியலாது.

இவ்வியல்பே உணவு பற்றிய ஆராய்ச்சியைச் சிக்கலாக்குகின்றது. தாக்கம் கடுமையாயிருக்கும் வேளையில் ஒருவர் பாலையும் இறைச்சியையும் கைவிடுகின்றார் எனக் கொள்வோம். இரண்டு மாதங்களில் அவர் தேறுகின்றார். அவர் தேறியது உணவினாலா, நோய் தன்னியல்பிலே தணிந்தமையாலா? அவரொருவரை மட்டும் வைத்து மருத்துவராலும் இதற்கு விடை கூற முடியாது.

நரம்பியல் மருத்துவரான றோய் சுவாங்கின் முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. நோர்வே நாட்டின் பாற்பண்ணைப் பகுதிகளில் இந்நோய் மிகுந்தும், மீன்பிடிக் கரையோரங்களிற் குறைந்தும் காணப்பட்டதை அவரும் உடனாய்வாளரும் 1952 இல் எடுத்துக்காட்டினர். மொன்றியல் நகரிலே 1940களின் இறுதியில் அவர் நோயாளருக்குக் கொழுப்புக் குறைந்த உணவை விதிக்கத் தொடங்கினார். 144 பேரை 34 ஆண்டுகள் அவதானித்துப் பெற்ற முடிவுகள் 1990 இல் லான்செற் இதழில் வெளிவந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 17 கிராம் கொழுப்பு உண்டோருள் 31 சதவீதத்தினர் இறந்திருந்தனர். 25 கிராம் உண்டோருள் 79 சதவீதத்தினரும், 41 கிராம் உண்டோருள் 81 சதவீதத்தினரும் இறந்திருந்தனர்.

இவ்வெண்கள் வியப்பூட்டுவன. ஆயினும் பத்தியம் காத்தோர், காவாதோர் என்னும் பிரிவை ஆய்வாளர் வகுக்கவில்லை. நோயாளரின் நடத்தையே அதனை வகுத்தது. நோய் முற்றியவருக்குச் சமைக்கக் கை எழாது, ஏற்ற பொருளைத் தேடிச் செல்லக் கால் எழாது, மனமும் சோரும். எனவே பத்தியம் தவறியதால் நோய் முற்றியதா, நோய் முற்றியதாற் பத்தியம் தவறியதா என்பது தீராத வினாவாகவே நிற்கின்றது. 2021 இல் வெளிவந்த அயோவாப் பல்கலைக்கழக ஆய்வில் சுவாங்கின் உணவையும் வேறொரு உணவுமுறையையும் பின்பற்றிய இருசாராரிடத்தும் களைப்புக் குறைந்தது. ஆனால் வழமையான உணவையே உண்டு ஒப்பீட்டுக்கு நின்ற குழு அதில் இல்லை.

இந்நிலையில் இருவகையான தவறுகள் நிகழ்கின்றன. முதலாவது, நிறுவப்படவில்லை என்பதைக் காட்டி நோயாளரின் முயற்சியை எள்ளுதல். தன் உடலே தன் சொற்கேளாத நிலையில், எதை உண்பது என்னும் தெரிவு ஒன்றாவது அவர் கையில் எஞ்சுகின்றது. தீங்கு விளைக்காத அத்தெரிவைப் பறிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது தவறு இதனினும் கொடியது. பத்தியத்தின் பயனை மிகைப்படுத்துவோர், தாக்கங்களைக் குறைக்கும் மருந்துகளையும் சிலர் கைவிடக் காரணராகின்றனர். இந்நோய்க்கு இன்ரபெரோன் மருந்து அமெரிக்காவில் 1993 இல் அங்கீகரிக்கப்பட்டபின் இத்தகைய மருந்துகள் பல வந்துள்ளன. அன்றியும், மருந்து பலியாதபோது ‘பத்தியத்தை முறித்தாயோ’ என்று வினவும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. தேறினால் புகழ் பத்தியத்துக்கு. தேறாவிடிற் பழி நோயாளிக்கு. ஒருபோதும் தோற்காதவாறு அமைந்த இத்தகைய கொள்கை தன் தோல்வி அனைத்தையும் மெலிந்தவர் தலையிற் சுமத்துகின்றது.

மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளன் அல்லனோ எனச் சிலர் வினவலாம். பொறுப்பாளனே. ஆயினும் செயலுக்கும் விளைவுக்குமுள்ள தொடர்பு எத்துணை தெளிவோ, அத்துணையே பொறுப்பும் அமையும். அறிஞரே துணியாத ஒன்றில் நோயாளியைக் குற்றவாளியாக்குதல் நீதியாகாது. தொடர்பு தெளிவாயுள்ள இடத்தும், துன்புறுவோரைக் கடிந்துரைத்தல் நோயைத் தணிப்பதில்லை.

ஆகவே அறிவுரை கூறுவோர் சான்றின் அளவுக்கு மேற் பேசாதிருத்தல் கடன். உடன் வாழ்வோர்க்கும் ஒரு கடன் உண்டு. நோயாளர் விரும்பும் உணவை அவரோடிருந்து தாமும் உண்ணலாம். மணவீட்டிலே அவர் ஓர் இனிப்பை எடுத்தால் அதனைக் கணக்கில் வையாதிருக்கலாம். அடுத்த தாக்கம் வரும் நாளில், அவர் என்ன உண்டார் என்று கேளாமல் அவருக்கு வேண்டியது யாது என்று கேட்டலே முறையாகும்.