கொடுத்தலும் கொள்ளலும்: பெருந்தொற்றுக் காலத்து ஆசிரியர் அறம்

கல்வி பற்றிய தமிழ்ச் சிந்தனை கொடுப்போனை மட்டுமன்றிக் கொள்வோனையும் நோக்குவது. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் நன்னூல், பாடம் சொல்வோன் காலமும் இடமும் தேர்வதோடு கேட்போனின் ஏற்குந் திறனையும் அறிந்து உரைத்தல் வேண்டும் எனப் பொதுப்பாயிரத்தில் வலியுறுத்துகின்றது. கேட்போனை அறிய இயலாத நிலையில் கற்பித்தல் என்னும் கடமை நிறைவேறியதாகுமா? கொரோனாப் பெருந்தொற்று இவ்வினாவை இந்திய ஆசிரியர்முன் வைத்தது.

2020 மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. 15 இலட்சம் பள்ளிகள் மூடப்பட்டதால் 24.7 கோடிச் சிறார் பாதிப்புற்றனர் என யுனிசெஃப் கணக்கிட்டது. வகுப்பறை திரைக்கு மாறியது. ஆனால், 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இணைய வசதி பெற்றிருந்த இல்லங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 24 மட்டுமே. ஊரகப் பகுதிகளில் 15.

மாணவர் முகக்குறிப்பைக் கண்டு விளக்கத்தை நீட்டியும் சுருக்கியும் வந்த ஆசிரியர், இப்போது பெயர்கள் மட்டும் தோன்றும் திரையை நோக்கிப் பேசினார். ‘புரிகிறதா?’ என்ற வினாவுக்குக் கிடைத்த அமைதி, புரிந்தமையையும் குறிக்கலாம். இணைப்பு அறுந்தமையையும் குறிக்கலாம். நடத்திய மணிநேரமும் அனுப்பிய கோப்புகளும் பதிவாயின. கொடுத்தல் கணக்கில் ஏறியது. கொள்ளல் கணக்கிலிருந்து நழுவியது.

இதற்கு மாறான முயற்சிகளும் உண்டு. சார்க்கண்டின் தும்கா மாவட்டத்துப் பன்காட்டி ஊரில் 2020இல் ஆசிரியர்கள் ஒலிபெருக்கிவழிப் பாடம் நடத்தினர். மாணவர் தம் ஐயங்களைக் கைப்பேசியில் அனுப்ப, அவற்றுக்கு மறுநாள் விளக்கம் தரப்பட்டது. மேற்கு வங்காளத்தில் தீப் நாராயண் நாயக் என்னும் ஆசிரியர், வீட்டுச் சுவர்களைக் கரும்பலகைகளாக்கித் தெருவிலேயே கற்பித்தார். கருவி எளிதாயினும் கேட்போனை அறியும் வழி இவற்றில் அடைபடவில்லை என்பது நோக்கத்தக்கது.

எனினும், இத்தகைய முயற்சியை ஆசிரியர் அனைவரிடமும் எதிர்பார்த்தல் முறையாகுமா என்னும் மறுப்பு எழக்கூடும். தம் செலவில் கருவி வாங்கி, நோயச்சத்தினிடையே பணியாற்றியவர்மீது சமூகத்தின் ஏற்றத்தாழ்வையும் சுமத்துதல் நீதியன்று. இம்மறுப்பு வலுவுடையதே. எனவே இங்கு இரு கடமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கல்வி எட்டாதவனுக்கு அதனை எட்டச் செய்தல் ஒன்று. எட்டவில்லை என்பதை அறிந்து உரைத்தல் மற்றொன்று. முன்னது பெரும்பாலும் அரசுக்கும் நிறுவனத்துக்கும் உரியது. பின்னது ஆசிரியர்க்கே உரியது. ஏனெனில் திரையில் தோன்றாத பெயரை முதலில் உணரக்கூடியவர் அவரே. வாராத மாணவனைப் பற்றி வாய்திறவாது, ‘பாடம் முடிந்தது’ என்று மட்டும் பதிவு செய்தல் பிழையற்ற குறிப்பாகலாம், வாய்மையாகாது. அவ்வாறே, உண்மையை உரைக்கும் ஆசிரியரைக் குறைகூறி மௌனமாக்கும் நிறுவனமும் தன் கடமையில் தவறியதாகும்.

இவ்வினா பெருந்தொற்றோடு முடிந்துவிடவில்லை. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘சுவயம்’ இணையத்தளவழிப் பயில 2021இல் பல்கலைக்கழக மானியக்குழு விதி வகுத்தது. தொலைவிலிருந்து கற்பித்தல் இனி நெருக்கடிக்கால ஏற்பாடு மட்டுமன்று. ஆதலின், எத்தனை மணிநேரம் கற்பிக்கப்பட்டது என்பதோடு, யார் கொள்ளாமல் விடப்பட்டார் என்பதும் பதிவேட்டில் இடம்பெறுதல் வேண்டும். அந்தப் பெயரை எழுதுவதிலிருந்தே ஆசிரியர் அறம் தொடங்குகிறது எனலாம்.