கண்டு களிப்பது யார் உரிமை?

ஒரு பொருளை எடுத்தால் அது குறையும், பார்த்தால் குறையுமா? குறையாது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அடுத்த வீட்டுத் தோட்டத்தில் மாங்கனியைப் பறித்தவனைத் திருடன் என்கிறோம். அம்மரம் பூத்துக் குலுங்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்து மகிழ்ந்தவன்மீது எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. கனடா நாட்டின் மேற்கிலுள்ள ஜாஃப்ரி ஏரிகளுக்கு நடந்து போய்வரும் வரையில் எனக்கும் இதில் ஐயம் எழுந்ததில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பெம்பர்டன் என்னும் சிற்றூருக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டியே அந்தப் பூங்கா அமைந்திருக்கிறது. ஏரிகள் மூன்று, படிக்குப் படி வைத்த கிண்ணங்களைப் போல ஒன்றற்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்தால் கீழ் ஏரி. அங்கிருந்து ஊசியிலை மரக் காட்டினூடே ஏறிச் சென்றால் நடு ஏரி. இன்னும் சற்று மேலே, பனியாற்றின் அடிவாரத்தில், மேல் ஏரி. போய்வர ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஏற்றம் 400 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூச்சு வாங்கும். ஆயினும் மலையேறிப் பழகாதவரும் அரை நாளில் முடித்துவிடக் கூடிய வழிதான். அதுவே அதன் புகழுக்கும் காரணம், தொல்லைக்கும் காரணம்.

அந்த நீரின் நிறத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நீலம் என்றாலும் பிழை, பச்சை என்றாலும் பிழை. பனியாறு தன் பெரும் பாரத்தோடு நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைத்துக் கொண்டே வருகிறது. மாவினும் நுண்ணிய அந்தத் தூள், உருகிவரும் நீரோடு ஏரியில் கலந்து, எளிதில் அடியில் படியாமல் மிதந்து நிற்கிறது. கதிரொளியின் சிவப்பை நீர் விழுங்கிவிட, நீலத்தையும் பச்சையையும் அத்துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு வியப்புக் குறையவில்லை.

நடு ஏரியில் ஒரு மரம் வீழ்ந்து நீருக்குள் நீண்டு கிடக்கிறது. அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வது வருவோருக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டுக் கோடையில் நான் சென்ற அன்று அதற்கென ஒரு வரிசையே நின்றது. நானும் அரை மணி நேரம் நின்றேன். என் முறை வந்தது, ஏறி நின்றேன், படமும் எடுத்தாயிற்று. அதில் மலையும் ஏரியும் நானும் மட்டுமே இருக்கிறோம். கருவிக்குப் பின்னால் நின்ற முப்பது பேர் அதில் இல்லை. அதைக் காணும் யாரோ ஒருவர், அந்தத் தனிமையை நாடி, அடுத்த கோடையில் வந்து வரிசையில் நிற்பார்.

2010க்கும் 2019க்கும் இடையே அங்கு வருவோரின் தொகை மும்மடங்குக்கு மேல் பெருகிற்று. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பூங்கா மூடப்பட்டது. 2021இல் திறந்தபோது, முன்கூட்டியே நுழைவுச் சீட்டுப் பெற்றவரே வரலாம் என்று விதி வந்தது. இதை மக்கள் பெரிதும் ஏற்றுக் கொண்டனர். கூட்டம் மிகுந்தால் இடம் கெடும் என்பது குழந்தைக்கும் விளங்கும்.

2023 ஆகஸ்டில் வந்த அறிவிப்புத்தான் பலரையும் திடுக்கிட வைத்தது. லில்வாட், என்குவாட்குவா என்னும் இரு பழங்குடி மக்களும், இது எங்கள் நிலம், இங்கே கனியும் மூலிகையும் சேகரிக்கவும் அமைதியாகக் கூடவும் எங்களுக்குக் காலம் வேண்டும் என்று கூறி, செப்டம்பர் இறுதிவரை ஏரிவழியை மூடுவதாக அறிவித்தனர். அந்நிலத்தை அவர்கள் எந்த உடன்படிக்கையின் வழியாகவும் எவருக்கும் எழுதிக் கொடுத்தவர்கள் அல்லர். 2024, 2025 ஆண்டுகளிலும் சில வாரங்கள் பூங்கா மற்றவர்களுக்கு மூடியே இருந்தது.

பொதுப் பூங்காவைச் சிலருக்காக மூடலாமா என்று கேட்டவர்கள் பலர். நான் எவ்வளவு எண்ணிப் பார்த்தும் அக்கேள்வியை முழுமையாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீட்டு முறை, 'நீங்கள் கூட்டமாக வந்தால் ஏரி கெடுகிறது' என்று சொல்கிறது. பழங்குடியினரின் அறிவிப்பு அப்படி எந்தக் குற்றத்தையும் நம்மீது சுமத்தவில்லை. இது எங்கள் முறை என்று மட்டுமே சொல்கிறது. குற்றம் சாட்டினால் திருந்திக் கொள்ளலாம். ஒரு காகிதத்தைக்கூடக் கீழே போடாதவனிடம் 'சற்று விலகி நில்' என்றால் அவன் என்ன செய்வான்? அதனால்தான் அது நமக்கு அத்தனை உறுத்துகிறது போலும்.

பெருநாளன்று நம் வீட்டுக்கு வருவோரை வாசலுக்கே சென்று வரவேற்கிறோம். ஆண்டு முழுவதும், விடிந்தது முதல் பொழுது சாயும்வரை, முன்பின் அறியாதவர்கள் வந்து நம் வீட்டு முற்றத்தை ரசித்துச் சென்றால்? ஒருவரும் ஒரு பொருளையும் தொடவில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் நல்லவர். ஆயினும் வீட்டுக்காரர் தம் முற்றத்தில் பாய் விரித்து உட்காரவும் இடமிராது. அவர் ஒரு நாள் கதவைச் சாத்திக் கொண்டால் அதை ஆணவம் என்பதா?

அந்த மரத்தருகே நாங்கள் நின்ற வரிசையில் ஒரு சிறு சச்சரவும் எழவில்லை. முன்னால் வந்தவர் முன்னால் போகட்டும் என்பதில் அத்தனை பேருக்கும் ஒத்த கருத்து இருந்தது. ஒரு படத்துக்காக அந்த முறையை மதித்த நாம், எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னால் வந்தவர்கள் சில வாரங்களைக் கேட்கும்போது மட்டும் சட்டம் எங்கே என்று தேடுகிறோம்.

இதையெல்லாம் வான்கூவரில் வாழும் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் தம் பிள்ளைகளுக்கு வாக்களித்து, விடுமுறை எடுத்து, மூடிய செய்தியைப் பிறகு அறிந்து ஏமாந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் பார்த்துவிட்டு வந்தவர், இப்படிப் பேச உங்களால் முடிகிறது" என்றார். பிள்ளைகள் இருவரும் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.