அலுவலகக் கதவும் இல்லத்துக் கதவும்

எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ குடியிருக்கும் ஒருவர் அரசு அலுவலகத்துக்கு மனு எழுத அமர்கிறார். 'அனுப்புநர்' என்ற சொல்லின் கீழ்த் தம் பெயரையும், தகப்பனார் பெயரையும், கதவு எண்ணையும், தெருவையும் எழுதுகிறார். 'பெறுநர்' என்ற சொல்லின் கீழே பெரும்பாலும் பெயர்கூட இராது. உதவிப் பொறியாளர் அவர்கள், வட்டாட்சியர் அவர்கள் என்று பதவி மட்டுமே இருக்கும். ஒருவர் தம் குடும்பம் வாழும் வீட்டின் அடையாளத்தோடு போய் நிற்கிறார். மற்றவர் வெறும் நாற்காலியாகக் காட்சி தருகிறார். இந்த ஏற்றத்தாழ்வு நீதியாகுமா என்னும் வினா எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று.

மக்களின் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் ஊழியரின் பெயரையும், பதவியையும், ஏன், மாதச் சம்பளத்தையுங்கூட அறிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எவரும் கேளாமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டியவற்றுள் இவற்றைச் சேர்த்திருக்கிறது. (தமிழகம் 1997ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் ஒன்றைத் தனக்கென இயற்றிக்கொண்டது, அதில் விலக்குகள் மலிந்திருந்தன என்பது வேறு கதை.) அங்ஙனமாயின், அவ்வூழியர் இரவில் உறங்கும் வீடு எது என்பதை மட்டும் ஏன் கேட்கக் கூடாது? சட்டம் இதற்கு இரண்டு தடைகளை வைத்தது. ஒருவருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய தகவலை மறுக்கலாம் என்பது ஒன்று. பொதுப்பணியோடு தொடர்பற்ற சொந்த விவரத்தை, பெரும் பொதுநலன் கோரினாலன்றித் தர வேண்டியதில்லை என்பது மற்றொன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தபின், இரண்டாவது தடை மேலும் வலுப்பெற்றது.

சட்டம் இவ்வாறிருக்க, மக்களின் மனம் வேறு விதமாகவும் எண்ணும். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்காகக் கடலடியில் பதித்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியிருந்தது. நம் வீட்டுக்குள் நஞ்சு புகுந்திருக்கும் இவ்வேளையில், இதைக் கண்காணிக்க வேண்டியவர் எந்த ஊரில் எந்த வீட்டில் நிம்மதியாக உறங்குகிறார் என்ற கேள்வி அந்த மக்களின் நெஞ்சில் எழுந்திருந்தால், அதைக் குற்றமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் கேள்வி எழுவது இயல்பு என்பதனால் மட்டும், அதற்கு விடை தருவது அரசின் கடமை ஆகிவிடாது. திருமறையில் ஒரு முழு அத்தியாயமே வீட்டறைகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது, அதுவே அல்ஹுஜுராத். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த எளிய அறைகள் மதீனாப் பள்ளிவாசலை ஒட்டியே இருந்தன. அந்தப் பள்ளிவாசலே தொழுமிடம். அதுவே வழக்கு மன்றம். தூதுவர்களை வரவேற்கும் கூடமும் அதுவே. பொது இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுவரும் ஒரு திரையுமே இருந்தன. பாலையிலிருந்து வந்த கூட்டத்தார் சிலர் அவ்வறைகளின் புறத்தே நின்று, வெளியே வருமாறு உரத்துக் கூவினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் விளங்கிக்கொள்ளாதவர்கள் என்றும், பெருமானார் தாமே வெளியே வரும்வரை பொறுத்திருந்தால் அவர்களுக்கே நலமாயிருக்கும் என்றும் இறைவன் உணர்த்தினான். ஒரு சமுதாயம் முழுவதுக்கும் தலைவராய், எந்நேரமும் எவரும் அணுகத் தக்கவராய் இருந்தவருக்கே, தம் அறைக்குள் இருக்கும் நேரம் தமக்குரியது என்றால், திருவொற்றியூர் மண்டலத்தின் குடிநீர்ப் பொறியாளருக்கு அது இல்லையென்று எப்படிச் சொல்வது?

எனினும், அந்த நிகழ்ச்சியில் நாம் பெரும்பாலும் கவனியாத ஒன்று உண்டு. பொறுத்திருக்குமாறு சொல்லப்பட்டது, பெருமானார் வெளியே வருவார்கள் என்னும் உறுதியின் மேல். பள்ளிவாசல் திறந்திருந்தது, பாங்கு ஒலித்ததும் அவர்கள் வந்தே தீர்வார்கள். வராத அதிகாரிக்காக, மூடிக் கிடக்கும் அலுவலகத்தின் முன் மாதக்கணக்காகக் காத்திருப்பவனுக்கு இந்த வசனத்தை ஓதிக் காட்டுவது நியாயமாகாது.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்லும் இரு செய்திகளை ஈண்டு அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரவில் நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டினுள் தவறு நடப்பதை ஐயுற்று, கலீஃபா அவர்கள் சுவரேறி உள்ளே இறங்கினார்கள். அவ்வீட்டுக்காரர் அஞ்சவில்லை. தாம் செய்தது ஒரு குற்றமென்றால் கலீஃபா செய்தவை மூன்று என்றார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதி கேட்டு ஸலாம் உரைக்காதது. உமர் (ரலி) அவர்கள் அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மற்றொன்று கூஃபாவில் நிகழ்ந்தது. அங்கே ஆளுநராயிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், சந்தையின் இரைச்சல் தாங்காமல் தம் மாளிகைக்குக் கதவு அமைத்தார்கள். மக்கள் ஆளுநரை அணுக அக்கதவு தடையாயிற்று என்று மதீனாவுக்குச் செய்தி எட்டியது. உடனே முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பி அந்தக் கதவை எரிக்கச் செய்தார்கள் உமர் (ரலி).

சாமானியன் ஒருவனின் சுவருக்கு முன் தலைகுனிந்த அதே கலீஃபா, ஆளுநரின் கதவுக்கு நெருப்பு வைத்ததேன்? கூஃபாவின் அந்த வீடு வீடாக மட்டும் இருக்கவில்லை. ஆட்சி மன்றமாகவும் அதுவே இருந்தது. அங்கே மூடப்பட்டது மக்களின் கதவு. அலுவலகம் தன் கதவை எந்த அளவுக்குத் திறந்து வைக்கிறதோ, அந்த அளவுக்கே ஊழியரின் இல்லத்துக் கதவை மூடி வைக்கச் சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு என்று நான் கருதுகிறேன். ஒன்றைச் செய்யாமல் மற்றொன்றைக் கேட்பது, அமானிதத்தை உண்டுவிட்டு அதற்குக் காவலும் கேட்பதைப் போன்றது.

முகவரி என்ன அவ்வளவு பெரிய இரகசியமா என்று சிலர் கேட்கலாம். வாக்காளர் பட்டியலில் கதவு எண்ணோடு நம் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. இராயபுரத்துச் சந்துகளில் மின்வாரியக்காரர் வீடு எது என்று கேட்டால் சிறுபிள்ளையும் வழிகாட்டும். உண்மைதான். ஆயினும் அண்டை வீட்டார் அறிந்திருப்பது வேறு. பதவியையும் வீட்டையும் ஒரே வரியில் கோத்து அரசே எவர் கையிலும் கொடுப்பது வேறு. அமெரிக்காவில் 1989இல் ரெபெக்கா ஷேஃபர் என்னும் இளம் நடிகை தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகாரன் ஒரு துப்பறிவாளரின் வழியே அவருடைய முகவரியைப் பெற்றது அரசின் வாகனப் பதிவேட்டிலிருந்து. அதன்பின் 1994இல் அந்நாடு அப்பதிவேடுகளைக் காக்கச் சட்டம் செய்தது. 2020இல் எஸ்தர் சலாஸ் என்னும் நீதிபதியின் வீட்டுக்கே ஒருவன் வந்து அவருடைய மகனைச் சுட்டுக் கொன்றான். கதவைத் திறக்க வந்த பிள்ளை, தாய் எழுதிய தீர்ப்புகளுக்கு எவ்வகையில் பொறுப்பாளி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணூர் மக்களுக்கு இதுவரை பயன் தந்தது எவருடைய வீட்டு முகவரியும் அன்று. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் காப்புக்குரிய நீர்ப்பரப்பாக இருந்த எண்ணூர்க் கழிமுகம், பின்னர்ப் புழங்கிய வரைபடத்தில் அவ்வாறு இல்லாமற் போனதைத் தகவல் உரிமை மனுக்களே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. மக்கள் கேட்டது கோப்பை, கிடைத்ததும் கோப்பு. குழாயைக் கடைசியாகப் பரிசோதித்தது என்று? அனுமதியில் கையொப்பமிட்டவர் யார்? இவை வீட்டு வாசலில் கிடைக்கும் விடைகள் அல்ல.

இதனாலேயே அண்மைக்காலத் திருத்தம் ஒன்று என்னைக் கவலையில் ஆழ்த்துகிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் கைவைத்தது. 2025 நவம்பரில் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பொதுப்பணியோடு தொடர்பு உண்டா இல்லையா என்று பார்க்கும் அளவுகோல் அந்த உட்பிரிவிலிருந்து அகன்றது. சொந்த விவரம் என்றால் மறுக்கலாம் என்ற அளவில் அது சுருங்கிற்று. பொதுநலன் மிகுந்தால் தரலாம் என்னும் பொது விதி எஞ்சியிருக்கிறது என்பது மெய்யே. ஆனால் கையொப்பமிட்டவரின் பெயரும் சொந்த விவரந்தான் என்று ஓர் அலுவலர் பதிலெழுதத் துணிந்தால், முப்பது நாளில் கிடைக்க வேண்டிய விடைக்கு மேல்முறையீடுகளில் ஆண்டுகள் கரையும். வீட்டுக்குரிய திரையைக் கொண்டுபோய் அலுவலகத்துக் கதவில் மாட்டினால், கூஃபாவின் கதவு திரும்பி வந்துவிட்டது என்றுதான் பொருள்.

அச்சம் அலுவலர்களுக்கு மட்டும் உரியதன்று. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணற்கொள்ளையைத் தடுக்க முனைந்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலைகாரர்கள் தேடி வந்தது அவருடைய அலுவலகத்துக்கே. 2025 ஜனவரி 17 அன்று புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகள் குறித்து மனு மேல் மனுவாகக் கொடுத்து வந்த ஜகபர் அலி, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வீடு திரும்பும் வழியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஒருவர் மனுவைப் பெறும் இடத்தில் இருந்தவர். மற்றவர் மனுவை எழுதியவர்.

மனு எழுதுபவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும், தொடர்பு கொள்ளத் தேவையானதற்கு மேல் சொந்த விவரம் எதையும் தர வேண்டியதில்லை என்றும் தகவல் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. அஞ்சற் பெட்டி எண் போதும், வீட்டு முகவரி கட்டாயமில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் தெளிவுபடுத்தியது. பொறியாளரின் வீட்டைக் காக்க விரையும் அரசு, அவருக்கு மனு எழுதும் எர்ணாவூர்ப் பெண்மணியின் கதவு எண்ணையும் தெருப் பெயரையும், அவர் எந்தத் தொழிற்சாலையைப் பற்றி எழுதினாரோ அந்தத் தொழிற்சாலையின் கைக்கு எட்டாமல் காக்கிறதா என்பதை நாம் கேட்டாக வேண்டும்.