விலை தெரிந்தவனின் மௌனம்

பனியே விழாத நம் நாட்டில், பண்டல் கடைகளில் பனிச்சறுக்கு ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. ஜப்பானிலிருந்து மூட்டையாக வந்தவை. ஹொக்காய்டோவுக்குப் போக ஆசைப்படும் என் போன்ற சம்பளக்காரர்களுக்கு அதுதான் வழி. உள்பக்கம் திருப்பி, தையல்மேல் ஒட்டிய டேப் உரிந்திருக்கிறதா, இடுப்பில் பனி புகாமல் தடுக்கும் பட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். கோர்டெக்ஸ் என்று தெரிந்தாலும் முகத்தில் காட்டுவதில்லை. கடைக்கார அக்கா 20 ரிங்கிட் என்பார்.

இந்த மௌனம் நியாயமா? அவர் கேட்ட விலைதானே என்று மனசு வக்கீல் வேலை பார்க்கும். கி.மு. 44இல் சிசெரோ எழுதிய ‘கடமைகள்’ நூலில் ஸ்கேவோலா ஒரு நிலம் வாங்குகிறார். விற்பவர் சொன்ன விலை குறைவென்று தாமே 100,000 செஸ்டர்ஸ் கூட்டிக் கொடுக்கிறார். அவரை நல்லவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். புத்திசாலி என்று மட்டும் சொல்லவில்லை.

ஸ்கேவோலா அளவுக்கு என்னிடம் காசில்லை. தேடிக் கண்டுபிடித்தது என் உழைப்பு என்றும் வாதாடலாம். ஆனால் மதிப்பு தெரிந்துகொண்டே “பழசாச்சே, குறைங்க அக்கா” என்றால் அது பொய். அதனால் பேரம் பேசக்கூடாது. காசைக் கொடுத்த பிறகு அந்த டேப்பைக் காட்டி, இது இருந்தால் விலையைக் கூட்டுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த ஜாக்கெட் எனக்கு மலிவாகக் கிடைக்காது. நேர்மைக்கு நான் கொடுக்கக்கூடிய விலை அவ்வளவுதான், அதையாவது கொடுக்கலாம்.