நாயேன் என்றவர் அமைச்சர்!

மன்னார் வளைகுடாக் கரையிலே பெரியபட்டினம். கடல் கடந்து வந்த சீனப் பீங்கான் ஓடுகளை மண்ணுக்குள்ளே பொதிந்து வைத்திருந்த பழம்பெரும் துறைமுகம். தொழுகைக் குரலும் அலையோசையும் கலந்தொலிக்கும் ஊர். அங்கிருந்து மேற்கே சில கல் தொலைவில் உத்தரகோசமங்கை. திருவாசகத்தின் 'நீத்தல் விண்ணப்பம்' அந்தத் தலத்தில் பிறந்தது என்பது சைவ மரபு. 50 பாடல்கள், அத்தனைக்கும் பொருள் ஒன்றே. என்னைக் கைவிட்டு விடாதே என்னும் மன்றாட்டு!

சுவையான தமிழ், மறுப்பாரில்லை. ஜி.யு. போப் என்ற வெள்ளைப் பாதிரியாரே உள்ளம் உருகி, 1900இல் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த நூல் திருவாசகம். நாம் எழுப்பும் கேள்வி சுவை பற்றியதன்று, பொருள் பற்றியது.

மாணிக்கவாசகர் தம்மை நாய் என்கிறார். ஒருமுறையா, இருமுறையா? நாயேன், நாயினேன் என்று நூல் நெடுகிலும் சொல்லிச் சொல்லி அழுகிறார். யார் அவர்? பாண்டியனின் அமைச்சர்! குதிரை வாங்கி வர அரசன் கருவூலத்தையே நம்பி ஒப்படைத்த பெருமகன் என்று புராணம் புகல்கிறது. உயரத்தில் இருப்பவன் குனிந்தால் அதற்குப் பணிவு என்று பெயர். பல்லக்கை விட்டிறங்கி அவன் மண்ணிலே அமர்ந்தால் ஊரே கைகூப்பும். பல்லக்கைச் சுமந்தவன் கதை என்ன? செருப்பணிந்து தெருவில் நடக்காதே, கோயில் வாயிலை மிதிக்காதே என்று நாயினும் கீழாக நடத்தப்பட்டவன் அதே பாட்டைப் பாடினால், அதுவும் பணிவா? தன் இழிநிலைக்குத் தானே கையொப்பமிட்டுக் கொடுப்பதன்றோ அது! சொல் ஒன்றுதான், பாடும் வாய் மாறியதும் பொருள் தலைகீழாகி விடுகிறது.

செருக்கு என்னும் நோய்க்கு இது மருந்து, ஆன்மா தன் சிறுமையை உணர்வதே உட்பொருள் என்பர் சைவப் பெரியோர். சரி, மருந்தென்றே கொள்வோம். நோயுள்ளவனுக்கன்றோ மருந்து? செருக்குக் கொள்ள ஒரு நாளும் வழியற்றவன் வாயில் அதை ஊற்றுவானேன்? 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கம் சுயமரியாதை என்னும் பெயர் பூண்டதே, இவனை எண்ணித்தான். இதே இராமநாதபுரம் சீமையில், ஒடுக்கப்பட்டோர் நிமிர்ந்து நடக்க உழைத்த இம்மானுவேல் சேகரன், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். நிமிர்வதற்கு இம்மண் கேட்ட விலை அது.

அப்பர் சாதியைச் சாடவில்லையா என்று கேட்பார்கள். சாடினார். புலையரேயாயினும் சிவனுக்கு அன்பரானால் தாம் வணங்கும் கடவுள் அவரே என்றார். ஏழாம் நூற்றாண்டில் அவ்வளவு சொன்னது பெரிதுதான். பல்லவன் ஆணைக்கு அஞ்சாத அந்த நெஞ்சுரத்தை நாமும் போற்றுவோம். ஆயினும், அந்த 'ஆனால்' என்பதைக் கவனியுங்கள் தோழர்களே! அன்பரானால் மதிப்பு. ஆகாவிட்டால்? பெரியபட்டினத்து இசுலாமியத் தோழனுக்கு என்ன மதிப்பு? கடவுளே இல்லை என்னும் நமக்கு? மனிதனாய்ப் பிறந்தது போதாது, அடியவனாகவும் ஆகவேண்டும் என்றால் அது உரிமையன்று, சலுகை.

அந்தச் சலுகையாவது கிடைத்ததா? அடியவராகவே வாழ்ந்த நந்தனாரைத் தீயில் மூழ்கச் செய்துதான் தில்லைக்குள் அனுப்புகிறது பெரியபுராணம். பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? அதே தில்லையில், சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட முயன்ற ஆறுமுகசாமி என்னும் முதிய ஓதுவார் 2000இல் தாக்கப்பட்டார். அரசாணை பிறந்து, காவலர் புடைசூழ அவர் அங்கே பாடியது 2008 மார்ச் 2இல். தமிழில் உருகுவதற்கும் போலீசு தேவைப்பட்டது!

மார்கழி வந்தால் சிறுவர்களுக்குத் திருவாசகம் ஒப்பிக்கும் போட்டி நடத்திப் பரிசளிக்கிறார்கள். நடத்தட்டும், தமிழ் ஓசை பிள்ளைகளின் நாவில் பதிவது நல்லதே. பாட்டைச் சொல்லித் தரும் பெரியோருக்கு நம் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. நாயேன் என்ற அடி வரும்போது சற்றே நிறுத்தி, இதைப் பாடியவர் ஓர் அமைச்சர் என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.